கத்திக்கும் போருக்கும் இடையே

பயங்கரவாதிகள் ஒரு நாட்டின் மீது பெருந்தாக்குதல் ஒன்றை நடத்திவிட்டால், அதிலிருந்து போர் எவ்வாறு பிறக்கிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். வெடிமருந்தில் விழுந்த தீப்பொறி என்ற உவமையைக் கூறி இதனை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். அந்த உவமை எனக்கு நிறைவு தரவில்லை. பொறி விழுந்தால் மருந்து தானே வெடிக்கும். அங்கே எவரும் எதையும் முடிவு செய்வதில்லை. போர் அவ்வாறு தானாக மூளுவதில்லை. அடி விழுந்த நாளுக்கும் படை புறப்பட்ட நாளுக்கும் நடுவே சில நாட்கள் இருக்கின்றன. அந்நாட்களில் சிலர் மேசையருகே அமர்ந்து எழுதுகிறார்கள். நடந்ததற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். அதைச் செய்தவர் இன்னார் என்று தீர்மானிக்கிறார்கள். கோப்புகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் ஆதலால், அந்தத் தாள்களின் மீதே என் கண் செல்கிறது.

இதனை ஆராய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. போர்ட் பிளேராக இருந்து 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் நகரத்தில், சாத்தம் துறையில் நின்று பாம்பூ பிளாட் பக்கம் நோக்கினால் பசுமை மாறாத மலை ஒன்று தெரியும். நெடுங்காலம் ஹாரியட் மலை என்று வழங்கியது. 2021 முதல் மணிப்பூர் மலை என்று பெயர் பெற்றிருக்கிறது. இரண்டு பெயர்களுக்கும் பின்னால் இரண்டு கொலைக் கதைகள் உள்ளன. ஒன்றிலிருந்து போர் பிறக்கவில்லை, மற்றொன்றிலிருந்து பிறந்தது.

முதற்கதை பலரும் அறிந்தது. 1872ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 8ஆம் நாள், இந்தியாவின் வைசிராய் மேயோ பிரபு இத்தீவுகளின் கைதிக் குடியிருப்பைப் பார்வையிட வந்தார். பகலெல்லாம் ராஸ் தீவு, வைப்பர் தீவு என்று சுற்றிவிட்டு, மாலையில் கதிரவன் மறையும் காட்சியைக் காண ஹாரியட் மலைமீது ஏறினார். இறங்கி வருகையில் இருட்டிவிட்டது. அடிவாரத்து ஹோப் டவுன் துறையில், தீப்பந்தம் பிடித்தவர்களுக்கு நடுவே படகை நோக்கி நடந்தவரின் முதுகின்மேல் இருளிலிருந்து ஒருவன் பாய்ந்து, கத்தியால் இருமுறை குத்தினான். வைசிராய் கப்பலுக்குக் கொண்டு செல்லப்படுமுன்னரே உயிர் நீங்கிற்று. இந்தியாவை ஆண்ட வைசிராய்களில் பதவியிலிருக்கையில் கொலையுண்டவர் அவர் ஒருவரே.

குத்தியவன் ஷேர் அலி. கைபர் கணவாய்ப் பகுதியைச் சேர்ந்த ஆஃப்ரிடி இனத்தவன். முன்பு பஞ்சாபில் ஆங்கிலேய அதிகாரிகளிடமே பணி புரிந்தவன். குலப்பகையின் காரணமாகப் பெஷாவரில் உறவினன் ஒருவனைக் கொன்றதற்காக 1867இல் தூக்குத் தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, இங்கே நாடு கடத்தப்பட்டான். தன் நாட்டு வழக்கப்படி பழிக்குப் பழி வாங்குவது குற்றமே அன்று என்பது அவன் எண்ணம். இங்கே நன்னடத்தை காட்டி, வெளியே நடமாடும் உரிமை பெற்று, நாவிதத் தொழில் செய்துவந்தான். யார் ஏவினார் என்று கேட்டபோது, கடவுளின் கட்டளை என்றும், தனக்குக் கூட்டாளி எந்த மனிதனும் இல்லை என்றும் விடை சொன்னான்.

இந்த ஒரு கத்திக்குத்திலிருந்து எத்தகைய போரை உண்டாக்கியிருக்கலாம் என்பதை எண்ணிப் பாருங்கள். கொலையாளி எல்லைப்புறத்துப் பழங்குடியினன். அந்த ஆஃப்ரிடிகளின் நாட்டுக்கு அப்பால் ஆப்கானிஸ்தானம். அதற்கும் அப்பால் ஆங்கிலேயர் அஞ்சிய ருஷ்யா. ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1871 செப்டம்பரில் கல்கத்தாவின் தற்காலிகத் தலைமை நீதிபதி நார்மன், அப்துல்லா என்பவனால் நீதிமன்றப் படிகளில் குத்திக் கொல்லப்பட்டிருந்தார். வஹாபிகள் என்று பெயரிடப்பட்ட குழுவினர் மீது வழக்குகள் நடந்துவந்தன. அவர்களில் சிலர் இதே தீவில் கைதிகளாக இருந்தனர். சதி என்ற சொல் எல்லோருடைய நாவிலும் இருந்தது. எல்லைக்குப் படை அனுப்ப விரும்பியவருக்கு இதைவிடச் சிறந்த காரணம் வாய்த்திராது.

ஆயினும் படை செல்லவில்லை. ஷேர் அலி மறுநாளே ராஸ் தீவில் விசாரிக்கப்பட்டான். தீர்ப்பைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும் என்ற முறை இருந்தது. வைசிராயைக் கொன்றவனுக்கும் அம்முறை பொருந்திற்று. உறுதி வந்தபின், மார்ச் மாதம் 11ஆம் நாள் வைப்பர் தீவில் அவன் தூக்கிலிடப்பட்டான். அவன் தூக்கிலிடப்பட்ட நாளில் தற்காலிக வைசிராயாகப் பொறுப்பிலிருந்தவர் சென்னை மாகாண கவர்னர் நேப்பியர் பிரபு. சென்னையில் கூவம் கடலோடு கலக்குமிடத்துப் பாலம் அவர் பெயரால் இன்றும் வழங்குகிறது. வஹாபித் தொடர்பு இருக்குமோ என்று துருவினார்கள், நிரூபணம் கிடைக்கவில்லை. கிடைக்காததை இருப்பதாக எழுதவும் இல்லை. செயல், கைதி ஒருவன் செய்த கொலை என்ற பெயரோடு கோப்பில் அடங்கிற்று.

அந்நாளில் இத்தீவுக்கும் கல்கத்தாவுக்கும் தந்தித் தொடர்பு கிடையாது. கப்பல் போய்ச் சேர்ந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அத்தாமதமும் ஓரளவு துணை செய்திருக்கலாம். ஆனால் அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. மேயோவின் வரலாற்றை எழுதிய ஹண்டர், கொலையாளியின் பெயரையும், ஊரையும், குலத்தையும் தம் நூலில் குறிப்பிடுவதில்லை என்று முடிவு செய்து, அவ்வாறே எழுதி முடித்தார். அவனுக்குப் புகழ் சேரக்கூடாது என்பது அவர் நோக்கமாக இருந்திருக்கலாம். வேறொரு பயனும் அதில் விளைந்தது. குலத்தின் பெயர் ஏட்டில் ஏறாவிட்டால், அக்குலத்தின்மீது பழி தீர்க்கும் எண்ணமும் ஏட்டின் வழியே பரவ முடியாது.

ஆங்கிலேய அரசு அமைதியை விரும்பிய அரசு என்று நான் சொல்லவில்லை. போர் வேண்டும் என்று தோன்றியபோது அதற்குக் கொலையே தேவைப்படவில்லை. 1878இல் தங்கள் தூதுக்குழுவைக் கைபர் கணவாயின் அலி மஸ்ஜித் கோட்டையில் ஆப்கானியர் தடுத்து நிறுத்தினர் என்பதைக் காட்டியே, நவம்பர் 20க்குள் விடை வேண்டும் என்று கெடு விதித்து, மறுநாள் போர் தொடங்கினார்கள். மேயோ கொலையுண்ட நாளில் அந்தமானின் தலைமை அதிகாரியாக இருந்து ஷேர் அலியை விசாரித்த ஸ்டூவர்ட்டே அப்போரில் காந்தஹாருக்குப் படை நடத்திச் சென்றார். அதே மனிதர், அதே எல்லை. ஒருமுறை நீதிபதியாகவும் மறுமுறை சேனாதிபதியாகவும் அவர் அமர்ந்ததற்குக் காரணம், மேலிடத்து விருப்பம் மாறியதே.

இனி, மலையின் இரண்டாம் பெயருக்கு வருகிறேன். 1891ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், மணிப்பூர் அரசின் உட்பூசலில் தலையிட்டு, சேனாபதி திக்கேந்திரஜித்தைக் கைது செய்ய அஸ்ஸாமின் தலைமை ஆணையர் குவின்டன் படையுடன் இம்பாலுக்குச் சென்றார். இரவோடிரவாகச் சேனாபதியின் இருப்பிடத்தைத் தாக்கினர், வெற்றி கிட்டவில்லை. பின்னர்ப் பேச்சு நடத்தக் கோட்டைக்குள் சென்ற குவின்டனும் உடன் சென்ற அதிகாரிகளும் மார்ச் 24 இரவு கொல்லப்பட்டனர். கொஹிமா, சில்சர், பர்மாவின் தமு ஆகிய மூன்று இடங்களிலிருந்து மூன்று படைகள் மணிப்பூருள் நுழைந்தன. கொங்ஜோமில் மணிப்பூர் வீரர்கள் போரிட்டு மடிந்தனர். ஏப்ரல் 27இல் இம்பாலின் காங்லா கோட்டை வீழ்ந்தது. திக்கேந்திரஜித் ஆகஸ்டு 13இல் பலர் காணத் தூக்கிலிடப்பட்டார். மகாராஜா குலசந்திரரும் அவரோடு தண்டிக்கப்பட்டோரும் கடல் கடத்தி இங்கே கொண்டுவரப்பட்டு, இதே மலைமீது வைக்கப்பட்டனர்.

வைசிராயைக் கொன்றதற்கு ஒருவனுக்குத் தூக்கு. ஆணையரையும் அவரோடு சென்றவர்களையும் கொன்றதற்கு ஒரு நாட்டின் மீதே படையெடுப்பு. எண்ணிக்கையோ பதவியோ இந்த வேறுபாட்டை விளக்காது. மணிப்பூரில் கொலை என்ற சொல்லுக்குமேல் கலகம் என்ற சொல் ஏற்றப்பட்டது. பேரரசிக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம் திக்கேந்திரஜித்தின்மேல் சுமத்தப்பட்டது. மணிப்பூர் தனியரசாயிற்றே, அதன் இளவரசர் எவ்வாறு அன்னிய அரசிக்கு எதிரான கலகக்காரர் ஆவார் என்று பாரிஸ்டர் மன்மோகன் கோஷ் வாதிட்டார். வாதம் ஏற்கப்படவில்லை. முதலில் தாக்கியவர் குவின்டன் என்பதும் அப்பெயரின் நிழலில் மறைந்தது.

இக்கதையின் மிகப் பெரிய வடிவத்தைக் காண ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டும். 1914ஆம் ஆண்டு ஜூன் 28இல், போஸ்னியாவின் சரயேவோ நகரில், ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் அவர் மனைவியும் சுடப்பட்டனர். சுட்ட பிரின்சிப் என்பவனுக்கு வயது பத்தொன்பது. போர்ப் பிரகடனம் ஜூலை 28இல் வெளியாயிற்று. இடையே 30 நாட்கள். நம் ஹோப் டவுன் துறையில் கத்தி பாய்ந்த நாளுக்கும் வைப்பர் தீவில் கயிறு இறுகிய நாளுக்கும் இடையே 32 நாட்கள். ஏறக்குறைய ஒரே அளவு காலம்! ஆகவே கோபம் தணியக் காலம் கொடுத்தால் போதும் என்பாரின் கூற்றும் முழு உண்மையன்று. அக்காலம் எதற்குச் செலவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரியா அந்த முப்பது நாட்களை எவ்வாறு செலவிட்டது? வீஸ்னர் என்ற அதிகாரி சரயேவோவுக்கு அனுப்பப்பட்டார். செர்பிய அதிகாரிகள் சிலர் ஆயுதம் கொடுத்து உதவியதற்குச் சான்று உண்டு. செர்பிய அரசாங்கத்துக்கே பங்கு இருந்தது என்பதற்குச் சான்று இல்லை என்று ஜூலை 13இல் அவர் தந்தி அடித்தார். எவ்வளவு நேர்மையான தந்தி! அது வந்து சேர்ந்தபோது வியன்னாவின் மனம் முன்னரே முடிவாகியிருந்தது. படைத்தலைவர் கோன்ராட், செர்பியாவின்மீது போர் தொடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பன்முறை வற்புறுத்தி வந்தவர். தாமதத்துக்குக் காரணங்கள் வேறு. படைவீரர் பலர் அறுவடைக்காக விடுப்பில் சென்றிருந்தனர். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ருஷ்யத் தலைநகரில் விருந்தினராக இருந்தார்; அவர் கப்பலேறும்வரை காத்திருந்தனர். ஜூலை 23இல் இறுதிக் கடிதம் செர்பியாவிடம் கொடுக்கப்பட்டது. கெடு 48 மணி நேரம்.

அக்கடிதத்துக்கு விடை எழுதியோரின் நிலையை எண்ணும்போது, என் தொழிலைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் எனக்கு மிகுந்த இரக்கம் உண்டாகிறது. திருத்தத்தின்மேல் திருத்தம், கடைசி நேரத்தில் தட்டச்சுப் பொறியும் பழுதுபட்டது. அடித்தல் திருத்தல்களோடு கையெழுத்துப் படியாகவே விடை சென்றது. பெரும்பாலான கோரிக்கைகளுக்கு இணங்கிய விடை அது. கொலை பற்றிய விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் செர்பிய மண்ணில் பங்கேற்கலாம் என்ற ஒன்றை மட்டும் திட்டமாக மறுத்தார்கள். ஆஸ்திரியத் தூதர் அதனை வாங்கிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் புகைவண்டி ஏறிவிட்டார். விடையைப் படித்த ஜெர்மானியச் சக்கரவர்த்தி, இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று குறித்தார். அவர் அவ்வாறு குறித்த ஜூலை 28ஆம் நாளிலேயே ஆஸ்திரியாவின் போர்ப் பிரகடனம் தந்தி மூலம் சென்றது.

சரயேவோவில் நிகழ்ந்தது எங்கோ நிகழ்ந்தது என்று நம்மவர் இருந்துவிட முடியவில்லை. செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திற்று. சென்னையை விட்டு மக்கள் ஊர்ப்புறங்களுக்கு ஓடினர். கெட்டிக்காரனை, எவர்க்கும் அடங்காதவனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு தமிழில் அதன்பின் நிலைத்தது. அக்கப்பல் அக்டோபர் இறுதியில் நம் நிக்கோபார்த் தீவுகளில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து சென்று 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்தைத் தாக்கிற்று. நிக்கோபாரின் தென்னந்தோப்புகளில் வாழ்ந்தவருள் சரயேவோ என்ற பெயரைக் கேட்டவர் இருந்திருப்பாரா?

நம் காலத்தில், 2001 செப்டம்பர் 11இல் அமெரிக்காவின் மீது நடந்த தாக்குதலில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் மாண்டனர். அல் காயிதாத் தலைவர்களை ஒப்படைக்குமாறு தாலிபான் ஆட்சியிடம் அமெரிக்கா கேட்டது. அவர்கள் சான்று கேட்டனர். அக்டோபர் 7இல் ஆப்கானிஸ்தானத்தின்மீது போர் தொடங்கி, 2021 ஆகஸ்டு வரை நீண்டது. அங்கே தாக்கியவர்க்கும் அடைக்கலம் தந்தவர்க்கும் இருந்த தொடர்பு வெளிப்படை. ஆனால் 2003இல் அதே துயரத்தின் நிழலை ஈராக்கின்மேலும் படரவிட்டார்கள். அந்தத் தாக்குதலில் ஈராக்கு ஒத்துழைத்தது என்பதற்குச் சான்று இல்லை என்பதை அமெரிக்காவின் விசாரணைக் குழுவே 2004இல் கூறிற்று. அதற்குள் பாக்தாது வீழ்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2001 டிசம்பர் 13இல் பாராளுமன்றம் தாக்கப்பட்டது. படைகள் எல்லைக்குச் சென்று, 2002 அக்டோபர் வரை ஏறத்தாழப் பத்து மாதம் நின்றன, போர் மூளவில்லை. 2008 நவம்பர் 26இல் மும்பையில் 166 பேர் உயிரிழந்தனர். பாகிஸ்தானிலிருந்து கடல் வழியே வந்தவர்களின் செயல் அது. சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் உருவானதென அந்நாட்டு அரசே 2009 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. அவ்வளவு சான்று இருந்தும் இந்திய அரசு படை அனுப்பவில்லை. உயிரோடு பிடிபட்ட கசாப் மீது வழக்கு நடந்தது. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், குடியரசுத் தலைவர் என்று முறைப்படி சென்று, 2012 நவம்பர் 21இல் தண்டனை நிறைவேறிற்று. அன்று வெளியுறவுச் செயலாளராக இருந்த சிவசங்கர் மேனன், தாம் அப்போது படைவழிப் பதிலடியையே வற்புறுத்தியதாகவும், அதைத் தவிர்த்ததே சரியென்று பின்னர் உணர்ந்ததாகவும் தம் நூலில் எழுதியிருக்கிறார்.

அந்தப் பொறுமையை எல்லோரும் போற்றவில்லை. பொறுத்ததால் அடி நின்றதா என்று கேட்டவர்களுக்கு எளிதில் விடை சொல்ல இயலாது. தாக்குதல்கள் நிற்கவில்லை. 2016 செப்டம்பர் 18இல் உரி. பதினோரு நாளில் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பதிலடி. 2019 பிப்ரவரி 14இல் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் மாண்டனர். பன்னிரண்டு நாளில் பாலாகோட்டின்மீது விமானத் தாக்குதல். 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமின் புல்வெளியில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பதினைந்து நாளில், மே 7ஆம் நாள், சிந்தூர் நடவடிக்கையில் ஒன்பது இலக்குகள் தாக்கப்பட்டன. பின்னர் விமானம், ஏவுகணை, ஆளில்லா விமானம் என்று இருதரப்பிலும் பரிமாற்றம் வளர்ந்தது. பூஞ்ச் நகரத்து வீடுகளின்மீது பீரங்கிக் குண்டுகள் விழுந்து பொதுமக்கள் மாண்டனர். மே 10 மாலை சண்டை நிறுத்தப்பட்டது. இரு பக்கமும் அணுவாயுதம் வைத்திருக்கும் நாடுகளுக்கிடையே நான்கு நாட்கள் அவ்வாறு கழிந்தன.

அன்றைய தினமே மற்றொரு செய்தியும் வந்தது. வருங்காலத்தில் இந்தியாவின்மீது நிகழும் பயங்கரவாதச் செயல் எதுவாயினும், அது நாட்டின்மீது தொடுக்கப்பட்ட போர்ச்செயலாகக் கருதப்படும் என்று அரசு முடிவு செய்திருப்பதாக அறிவிக்கப்பட்டது. இம்முடிவின் நோக்கம் விளங்குகிறது. ஆயுதமும் பணமும் கொடுத்து ஆட்களை அனுப்பிவிட்டு, எமக்குத் தெரியாது என்று கைகழுவுவோருக்கு, விலை இன்னதென்று முன்கூட்டியே அறிவிப்பது அது. இறந்தவர்களின் வீட்டார் அதனை வரவேற்பதில் வியப்பில்லை. பொறுமையைப் பரிந்துரைப்பவர்கள் பெரும்பாலும் இறந்தவர்களின் வீட்டார் அல்லர்.

ஆனால் அச்செய்தியில் என் மனம் ஒரு சொல்லில் நின்றுவிடுகிறது. கருதப்படும் என்பது செயப்பாட்டு வினை. கருதுபவர் யார் என்பது அதில் தோன்றாது. இலக்கண வாத்தியார் எழுவாயைக் கேட்டுப் பிள்ளையைத் திணறவைக்கும் இடம் அது. முன்பெல்லாம் அடி விழுந்த பிறகு பெயர் வைத்தார்கள். இப்போது பெயர் முன்னரே வைக்கப்பட்டிருக்கிறது. நிரப்ப வேண்டியது செய்தவர் யார் என்ற ஓரிடம் மட்டுமே. தனியொருவனா, ஒரு குழுவா, குழுவுக்குப் பின்னால் ஓர் அரசா, அரசுக்குத் தெரியாமல் அதன் அதிகாரி ஒருவனா? வீஸ்னர் தந்தி அடித்தது இவ்வேறுபாட்டைப் பற்றித்தான். அதனைக் கண்டறிய அவருக்குக் கிடைத்தவை ஓரிரு நாட்கள். நம் விசாரணை அதிகாரிகளுக்குக் கிடைப்பவை பன்னிரண்டோ பதினைந்தோ. அந்நாட்களில் தொலைக்காட்சி இரவும் பகலும் ஒரே பெயரைக் கூவிக்கொண்டிருக்கும். அவர்களுள் எவரேனும் ஒருவர், சான்று இதுவரை செல்கிறது, இதற்குமேல் செல்லவில்லை என்று தாளில் எழுதி மேலே அனுப்பினால், அத்தாளைப் பெறுபவர் அன்றிரவே அதனைப் படிக்க வேண்டும்.